குழந்தை உள்ள குடும்பத்துக்கு மட்டும்

எர்மினியா அசான்சா தன் வீட்டின் கீழ்ப்பகுதி காலியாகும்போதெல்லாம் ஒரு அட்டையில் எழுதி வாசற்கதவில் மாட்டுவாள். ஒரு படுக்கையறை, சமையலறை, தனிக் குளியலறை, துணி காயப்போட இடம். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில் இருக்கும்: குழந்தை உள்ள குடும்பத்துக்கு மட்டும். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். மற்ற ஊர்களில் குழந்தை என்றாலே வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்களாம், சுவரில் கிறுக்கும் என்று. எங்கள் ஊர் சாந்தா ருஃபினாவில் கதை வேறு. இங்கே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தால் வீடு கிடைக்கும். தனி ஆண் பெட்டியோடு வந்தால் முகத்தில் கதவைச் சாத்துவோம்.

எங்கள் மலைக்குள் தங்கம் இருக்கிறது. அது எங்களைப் பிடித்த சனி. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி வந்து குடைந்தது. அது போன பிறகு, துளைக்கும் இயந்திரம் வைத்திருந்தவனெல்லாம் குடைந்தான். சுரங்க வாய்களில் ராணுவம் காவல் நின்றதும் அவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள், உள் அறையின் தரையை உடைப்பார்கள், அப்படியே கீழே இறங்கிவிடுவார்கள். தெருவுக்குத் தெரிய வரும்போது நாலு வீட்டுச் சுவர் வாயைப் பிளந்திருக்கும். பழைய தபால் நிலையத்தின் பின்கட்டு ஒரு நாள் ஆரஞ்சு மரத்தோடு உள்ளே போனது. மரத்தின் உச்சி மட்டும் கொஞ்ச காலம் குழிக்கு மேலே தெரிந்தது. அதில் பழம்கூடப் பழுத்தது. யாரும் பறிக்கவில்லை.

மதியம் சூப் குடிக்கும்போது காலடியில் ஒரு முட்டு முட்டும். கரண்டியைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருப்போம், பிறகு குடிப்போம். கீழே எங்கோ பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் யாரையும் கேட்பதில்லை.

என் கடை எர்மினியாவின் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. ரொட்டி, முட்டை, மெழுகுவர்த்தி, பொத்தான், தலைவலி மாத்திரை, எல்லாம் உண்டு. அவள் மகன் வில்மருக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் நான். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கொமாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வோம். சண்டை போட்டாலும் அதே வார்த்தைதான், குரல் மட்டும் மாறும்.

அவள் புருஷன் செகுந்தோ கம்பெனிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். நெஞ்செல்லாம் கல்தூசி அடைத்து, இருமி இருமியே செத்தான். அதற்குப் பிறகு எர்மினியா தங்கத்தைத் தொடவில்லை. கல்யாண மோதிரத்தைக் கழற்றி மாதா கோவில் உண்டியலில் போட்டாள். தங்க ஊரில் பிளாஸ்டிக் தோடு போட்டுக்கொண்டு திரிந்த ஒரே பொம்பளை அவள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தாள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எவனும் அவள் தைத்த கால்சட்டையைக் கிழிக்காமல் வளர்ந்ததில்லை. வில்மர் ஸ்பெயினுக்குத் தக்காளிப் பண்ணை வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே ஒரு பிள்ளையும் பெற்றுக்கொண்டான். பேரனை அவள் போன் திரையில்தான் பார்த்திருக்கிறாள். கண் மங்கத் தொடங்கியதும், மலைச்சரிவில் வீட்டுக்கு அடியில் இருந்த வெற்றிடத்தைச் சுவர் எழுப்பி, ஒரு படுக்கையறைக் குடியிருப்பாக்கினாள். கதவு, ஜன்னல், குழாய் எல்லாம் ஊசி முனையில் சேர்த்தவை. ஊசி கோக்கக் கண் தெரியாத நாளில் அந்த வாடகைதான் சோறு என்பது அவள் கணக்கு. அந்த வீட்டைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் எதுவுமில்லை.

யெசேனியா வந்தது மழை விட்ட ஒரு காலை. சின்னப் பெண், மெலிந்த முகம், முதுகில் கட்டிய குழந்தை. கூடவே புருஷன் கிளேவர். நல்ல வாட்டசாட்டமான ஆள், பேச்சில் தேன் வடிந்தது. அட்டையைப் படித்துவிட்டு என் கடைக்கு வந்து, வீட்டுக்காரி எங்கே என்று கேட்டார்கள். நான்தான் கூட்டிப் போனேன்.

எர்மினியா முதலில் அவன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் வெள்ளைப் பூச்சு காய்ந்திருந்தது.

"என்ன வேலை தம்பி?"

"தரைக்கு ஓடு பதிக்கிறவன், தோன்யா எர்மினியா. கீழே புதுசா ஆஸ்பத்திரி கட்டறாங்கல்ல, அங்கதான் வேலை." பெரிய பொம்பளைகளை மரியாதையாகக் கூப்பிடுகிற எங்கள் ஊர் வழக்கப்படி தோன்யா என்றான்.

"சுரங்கத்துல இறங்கியிருக்கியா?"

"ஐயோ, எனக்கு இருட்டுன்னாலே பயம். இவகிட்டயே கேளுங்க, விளக்கை அணைச்சா தூக்கம் வராது எனக்கு."

யெசேனியா சிரித்தாள். அதற்குள் குழந்தை கையை நீட்டி எர்மினியாவின் பிளாஸ்டிக் தோட்டைப் பிடித்து இழுத்துவிட்டது. அவ்வளவுதான், வீடு அவர்களுக்கு என்று முடிவாகிவிட்டது. அவள் அதற்கு மேல் கேட்ட ஒரே கேள்வி, பிள்ளை பேர் என்ன என்பதுதான். ஹாயிர் என்றார்கள்.

மறுவாரமே கிளேவர் ஒரு யோசனை சொன்னான். படுக்கையறைத் தரை வெறும் சிமெண்டு, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். ஆஸ்பத்திரி வேலையில் மிஞ்சிய ஓடு கிடக்கிறது. கூலி வேண்டாம், நானே பதித்துத் தருகிறேன். எர்மினியா இதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்துப் போனாள். தரகுக்காரி மாதிரி நான் கொண்டுவந்து விட்ட குடித்தனம் என்று என்னையும் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சிமெண்டு மூட்டை உள்ளே போனது. இடிந்த கல்லும் மண்ணும் சாக்குகளில் வெளியே வந்தது. ஒரு சின்ன லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அது முடிந்து மறுபடி சாக்கு வந்தது, மறுபடி லாரி வந்தது.

"ஏன் கொமாத்ரே, உன் குடித்தனக்காரன் படுக்கையறைக்கு ஓடு போடறானா, மாதா கோவிலுக்கே போடறானா?" என்று கேட்டேன்.

"பழைய தரையைப் பெயர்த்துட்டுத்தானே போடணும்? வயிற்றெரிச்சல் உனக்கு. உன் கடைத் தரையைப் பாரு, கோழி நடந்தாக்கூட கால் இடறும்."

படுக்கையறைக் கதவு பூட்டியே இருந்தது. புதுப் பூச்சு, யாரும் மிதிக்கக் கூடாது என்றான். ரேடியோ காலையிலிருந்து சாயங்காலம் வரை அலறியது. ஹாயிருக்குப் பாட்டு இல்லாவிட்டால் தூக்கம் வராது என்றாள் யெசேனியா. எங்கள் ஊரில் குடித்தனக்காரரைச் சந்தேகப்பட்டால் துணிக் கொடியைப் பார்ப்போம். சுரங்கத்தில் இறங்குகிறவன் உடுப்பில் ஒரு சாம்பல் சேறு ஒட்டும், எத்தனை அலசினாலும் போகாது. நானும் தினம் அந்தக் கொடியைப் பார்த்தேன். குழந்தையின் அணையாடைகள், வரிசையாக, வெள்ளை வெளேரென்று. ஓரத்தில் ஓடு பதிக்கிறவனின் சுண்ணாம்புச் சட்டை. நான் நிம்மதியாக முட்டை எண்ணப் போனேன்.

ஆனாலும் என் அலமாரியில் பாட்டில்கள் ஒன்றையொன்று இடிக்கத் தொடங்கின. முன்பெல்லாம் மதியம் ஒரு முட்டுத்தான். இப்போது காலையிலும் வந்தது.

எர்மினியா அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. ஹாயிர் அவள் மடியிலேயே வளர்ந்தான். துண்டுத் துணியில் அவனுக்குத் தொப்பி, சட்டை, கால்சட்டை எல்லாம் தைத்தாள். பச்சை வாழைக்காயை அவித்து மசித்து, பாலாடைக் கட்டி சேர்த்து ஊட்டினாள். ஸ்பெயினிலிருந்து வில்மர் போன் செய்தால் இவள் பேரனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு ஹாயிர் கதையைச் சொல்வாள். மருமகள் கோபித்துக்கொண்டாள் என்று கேள்வி.

புனித ருஃபினா திருவிழா வந்தது. சதுக்கத்தில் ஊரே கூடியிருந்தது. தேர் கோவில் வாசலைத் தாண்டும்போது இரும்புக் குழாயில் வெடிமருந்து திணித்து அதிர்வேட்டுப் போடுவது எங்கள் வழக்கம். வயிற்றுக்குள் இறங்கும் சத்தம் அது. நாய்கள் ஓடிவிடும். கைப்பிள்ளைகள் ஒன்றாக வீறிடும், தாய்மார்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடுவார்கள்.

முதல் வேட்டு வெடித்தது. நான் எப்போதும் போலக் குதித்தேன். எனக்குப் பக்கத்தில் எர்மினியா, அவள் தோளில் ஹாயிர். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது வேட்டு, மூன்றாவது வேட்டு. சுற்றிலும் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தின. அவன் இமைகூட அசையவில்லை. வாயோரம் எச்சில் வடிய, சுகமாகத் தூங்கினான்.

"கொமாத்ரே, பிள்ளைக்குக் காது கேக்குமா?" என்றேன்.

"என்ன பேச்சு இது? நான் மாடிப்படி இறங்கற சத்தம் கேட்டாலே கொக்கரிக்கிறான்."

"இப்பக் கூப்பிடு பார்ப்போம்."

அவள் குனிந்து அவன் காதருகில், மூச்சுக்காற்று மாதிரி, "ஹாயிர்" என்றாள். குழந்தை கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். தோட்டைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

மறுபடி ஒரு வேட்டு. அவன் தோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எர்மினியா என்னைப் பார்த்தாள். வெடிக்கு அழாத குழந்தை இருக்கவே முடியாது. சுரங்க வெடியில் பிறந்து, வெடியில் பால் குடித்து, வெடியில் தூங்கிப் பழகியிருந்தால்தான் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் அங்கிருந்து வீட்டைப் பார்த்து நடந்தோம். தேரை அந்த வருஷம் நாங்கள் கும்பிடவில்லை.

யெசேனியா சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ரேடியோ பாடியது. எர்மினியா போய் அதை அணைத்தாள். அப்போது கேட்டது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், ரொம்ப ஆழத்தில், மாவு இயந்திரம் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல்.

யெசேனியா கத்தியைக் கீழே வைத்தாள். அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"இது எத்தனாவது வீடு மகளே?" என்று கேட்டாள் எர்மினியா.

"எண்ணல தோன்யா. இவன் வயித்துல இருக்கும்போதே ரெண்டு வீடு."

"உன் வேலை என்ன?"

"கொடியில துணி காயப்போடறது. ரேடியோ போடறது. உங்களை மாதிரி யாராவது வந்தா சிரிச்சுப் பேசறது."

"பாவி, பிள்ளையைக் குழி மேல படுக்க வச்சிருக்கியே!"

"நானும்தானே படுக்கறேன்."

எர்மினியா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவள் குரல் கெஞ்சலாக மாறியதை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். "இவனை மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போ. நீங்க எங்க வேணா போய்த் தொலைங்க. நான் வளர்க்கறேன். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

யெசேனியா அவளை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இவன் இல்லாம எங்களுக்கு யாரு தோன்யா வீடு குடுப்பாங்க? நீங்க குடுத்திருப்பீங்களா?"

பிறகு எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். எர்மினியாவின் கைகள் அப்படியே கொஞ்ச நேரம் வளைந்து நின்றன.

மறுநாள் விடிந்தபோது கீழ்வீடு காலி. ரேடியோவைக்கூட எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எர்மினியா தைத்த தொப்பி மட்டும் கொடியில் தொங்கியது. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. தரை முழுக்க நீல நிற ஓடு, ஒரு பிசிறில்லாமல் பதித்திருந்தான். ஓடு பதிக்கிறவன் என்று அவன் சொன்னது பொய்யில்லை. குழி எங்கே இருந்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. எர்மினியா மண்டியிட்டு, விரலில் ஊசி குத்தாமல் மாட்டியிருந்த இரும்புத் தையல் கூட்டால் ஒவ்வொரு ஓடாகத் தட்டினாள். ஓரத்தில் கல் சத்தம். நடுவில் வந்ததும் காலிப் பானையைத் தட்டுகிற சத்தம்.

"நகராட்சியில போய்ச் சொல்லு" என்றேன்.

"சொன்னா?"

சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதிகாரிகள் வருவார்கள், சுவரில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போடுவார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் போடமாட்டார்கள், தெருவுக்கே போடுவார்கள். அன்று மாலைக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். என் கடையும் அதில் அடக்கம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அட்டையை மறுபடி மாட்டினாள். ஒரே ஒரு மாற்றம், சிவப்பு மையில் எழுதும் வரியை எழுதவில்லை. தனி ஆள் வரட்டும், சமையலறையில் கட்டில் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன், அறையில் பெட்டி சாமான் வைத்துக்கொள்ளட்டும் என்று எனக்கு விளக்கம் சொன்னாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவள் தன் வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல், அடி மேல் அடி வைத்து நடந்தாள்.

தனி ஆள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த மரிபெல் என்ற செவிலிதான் வந்தாள், கடற்கரைப் பக்கத்துப் பெண், கலகலவென்று பேசினாள். கூடவே நயேலி என்று ஒரு சின்னப் பெண், கால் தரையில் நிற்காத வயது. நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். வாடகை எவ்வளவு என்று மரிபெல் கேட்பதும் இவள் பதில் சொல்வதும் காதில் விழுந்தது.

பிறகு அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. "அம்மா! நீலத் தரை! கடல் மாதிரி!"

தொப் தொப்பென்று குதிக்கிற சத்தம்.

"குதிக்காதேடீ!"

அது எர்மினியாவின் குரல் என்று நம்பவே முடியவில்லை. செகுந்தோ செத்தபோதுகூட அவள் அப்படி அலறவில்லை. நான் ஓடினேன். அறை வாசலில் எர்மினியா மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். நடு அறையில் நயேலி உதடு பிதுங்க நின்றாள்.

"மெதுவா வா ராசாத்தி. சுவரோரமா வா. காலைத் தூக்காம, தேச்சுத் தேச்சு வா" என்றாள் எர்மினியா. பிள்ளை வந்தது. அவள் அதைத் தூக்கித் தாயிடம் கொடுத்தாள்.

"என்னம்மா இது? என்ன இருக்கு அங்க?" என்றாள் மரிபெல்.

"ஒண்ணும் இல்ல மகளே" என்றாள் எர்மினியா. "அங்க ஒண்ணுமே இல்ல. அதுதான்."

அன்று பிற்பகலே அவள் நகராட்சிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மறுநாள் தெருவுக்கே சிவப்பு விழுந்தது. என் கடைக் கதவில் போட்ட குறியிலிருந்து சாயம் வழிந்து படியில் சொட்டியது. கட்டில், அடுப்பு, கோழிக்கூண்டு என்று தூக்கிக்கொண்டு ஜனங்கள் போனார்கள். போகிற போக்கில் அவளைப் பார்த்துத் துப்பினவர்களும் உண்டு. தச்சர் அபெலார்தோ அவள் முகத்துக்கு நேரே, "உன் வாய்க்கு ஒரு பொத்தான் தைச்சிருக்கலாமே, ஊருக்கெல்லாம் தைச்சியே" என்றான். அவள் தையல் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவனுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

தெரு இன்னும் இடியவில்லை. அதுதான் கொடுமை. மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது, வீடுகள் காலியாக அப்படியே நிற்கின்றன. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று ஊர் அவளைத் திட்டுகிறது. ஆனால் நகராட்சி போட்ட வேலியோரம் போய் நின்றால் கீழே குடைகிற சத்தம் கேட்கும், இப்போது நாள் முழுக்கக் கேட்கும். மேலே ஆள் இல்லை என்பதால் கீழே ரேடியோகூடத் தேவைப்படவில்லை.

எங்கள் இருவருக்கும் வீடு கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. கையில் குழந்தை இல்லாத இரண்டு கிழவிகள், அதிலும் ஒருத்தி எர்மினியா. கடைசியில் ஊரின் கீழ்க்கோடியில், ஆற்றுப் பக்கம், தோன் எலோய் என்ற, மனைவியை இழந்த கிழவர் சம்மதித்தார். ஒரு படுக்கையறை, சமையலறை, துணி காயப்போட இடம். எர்மினியா நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மூலை மூலையாக வெறுங்காலால் மிதித்துப் பார்த்தாள். நான் தையல் கூட்டை எடுத்துக் கொடுத்தேன். மண்டியிட்டுத் தட்டினாள். எல்லா இடத்திலும் கல் சத்தம். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் இளகியதைப் பார்த்தேன்.

"கெட்டித் தரை அம்மா, என் அப்பா போட்டது" என்றார் கிழவர். சாவியை நீட்டினார். எர்மினியா வாங்கிக்கொண்டு பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"பக்கத்து வீட்டுல யாரு இருக்கா?" என்று சும்மா கேட்டேன்.

"அதுவும் என் வீடுதான், போன மாசம்தான் வாடகைக்கு விட்டேன். தங்கமான குடும்பம். சின்னஞ்சிறுசுங்க. புருஷன் தச்சு வேலை பார்க்கறான், எனக்குச் சும்மாவே பரண் அடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்கான். ஒரு கைக்குழந்தை, பொம்பளைப் பிள்ளை. உங்களுக்குத் தொந்தரவே இருக்காது." கிழவர் பெருமையாகச் சிரித்தார். "நேத்துப் பள்ளிக்கூடத் திடல்ல வெடி போட்டாங்க பாருங்க, என் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்துச்சு. அது பாட்டுக்குத் தூங்குது!"

எர்மினியா அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டத் தொடங்கினாள்.